சட்டையின் முத்திரையும் தொழிலாளியின் கையெழுத்தும்

2012ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கராச்சியின் பால்டியா டவுன் பகுதியில் இருந்த அலி என்டர்பிரைசஸ் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலைக்கு எஸ்ஏ 8000 சான்றிதழ் கிடைத்தது. தொழிலாளர் நலனும் பாதுகாப்பும் உலகத் தரத்தில் இருக்கின்றன என்று உறுதி சொல்லும் சான்றிதழ் அது. வழங்கியது இத்தாலியைச் சேர்ந்த ரினா நிறுவனம். சுமார் மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 11 அன்று, அந்தக் கட்டடம் எரிந்தது. ஜன்னல்களில் இரும்புக் கம்பி. வெளியேறும் வழிகளில் பூட்டு. 250க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ளேயே இறந்துபோனார்கள்.

மாமூல் கேட்டுக் கிடைக்காத ஆத்திரத்தில் வைக்கப்பட்ட தீ அது என்று 2020இல் பாகிஸ்தான் நீதிமன்றம் ஒன்று தீர்ப்புச் சொன்னது. தீயை யார் வைத்திருந்தாலும் கதவு திறந்திருந்தால் பெரும்பாலோர் ஓடித் தப்பியிருப்பார்கள். அந்தத் தொழிற்சாலையின் முக்கிய வாடிக்கையாளர் ஜெர்மனியில் மலிவு விலைக் கடைகள் நடத்தும் கிக் நிறுவனம். நான்காண்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2016இல்தான் அது 51.5 லட்சம் டாலர் நிவாரணம் தர ஒப்புக்கொண்டது. அந்தத் தொழிற்சாலைக்குச் சான்றிதழ் கிடைப்பதை அந்தப் பூட்டுகள் தடுக்கவில்லை.

நல்ல மனதோடு பொருள் வாங்க நினைக்கும் ஒருவர் இந்தச் சம்பவத்தை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். ஏழை நாட்டுத் தொழிலாளியைச் சுரண்டாமல் தயாரான பொருளையே வாங்குவேன் என்று உறுதி எடுப்பவர்கள் உலகெங்கும் பெருகிவருகிறார்கள். அந்த உறுதி மதிக்கத்தக்கது. ஆனால் அதை நிறைவேற்ற அவர்கள் கையில் தரப்படும் கருவி பெரும்பாலும் ஒரு முத்திரைதான். அட்டையில் ஒரு படம், பையில் ஒரு வாசகம். அந்தப் படத்துக்குப் பின்னால் தொழிலாளியின் கையில் என்ன இருக்கிறது என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

முத்திரை தொடங்கிய கதை அழகானது. மெக்சிகோவின் ஓஹாகா மலைகளில் காப்பி பயிரிடும் பழங்குடி விவசாயிகள் ஒன்றுகூடி ஒரு கூட்டுறவு அமைத்தார்கள். இடைத்தரகர்கள் வைத்ததே விலை என்ற நிலையில் இருந்தவர்கள் அவர்கள். அங்கே அவர்களோடு வாழ்ந்த டச்சுப் பாதிரியார் ஃபிரான்ஸ் வான் டெர் ஹாஃபின் முயற்சியால் 1988இல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹவேலார் என்ற முத்திரையோடு அவர்களின் காப்பி கடைக்கு வந்தது. இன்றைய ஃபேர்டிரேட் முத்திரைக்கு அதுவே தாய். அடுத்த ஆண்டே உலகக் காப்பி ஒப்பந்தத்தின் ஏற்றுமதி ஒதுக்கீட்டு முறை குலைந்து விலை சரிந்தது. 2001 வாக்கில் ஒரு பவுண்டு காப்பி 50 சென்ட்டுக்கும் கீழே போனபோது, குறைந்தபட்ச விலைக்கு உத்தரவாதம் பெற்றிருந்த சிறு விவசாயிகள் ஓரளவு தாக்குப்பிடித்தார்கள். சொந்தமாக இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு, கூட்டுறவில் வாக்குரிமை உள்ளவருக்கு, இந்த ஏற்பாடு உண்மையாகவே உதவியது. இன்றும் உதவுகிறது.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. அந்த இரண்டு ஏக்கரில் கூலிக்குப் பழம் பறிக்க வருபவருக்கு என்ன கிடைத்தது? லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் கல்லூரி ஆய்வாளர்கள் எத்தியோப்பியாவிலும் உகாண்டாவிலும் பல ஆண்டுகள் களத்தில் ஆராய்ந்து 2014இல் ஒரு அறிக்கை வெளியிட்டார்கள். காப்பி, தேயிலை, பூ ஆகியவற்றை விளைவிக்கும் இடங்களில் ஃபேர்டிரேட் சான்று பெற்ற பகுதிகளின் கூலித் தொழிலாளர்களுக்கு, சான்று இல்லாத ஒத்த இடங்களைவிடக் கூலி பெரும்பாலும் குறைவாகவே இருந்தது என்பது அவர்கள் கண்டது. ஒப்பீடு சரியில்லை என்று ஃபேர்டிரேட் அமைப்பு மறுத்தது. அந்த மறுப்பில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆனாலும் அந்த ஆய்வு எழுப்பிய அடிப்படைக் கேள்வி நிற்கிறது. நிலம் உள்ளவரைக் கருதி உருவான ஏற்பாடு, நிலமில்லாத கூலியாளைத் தானாகவே காப்பாற்றிவிடாது.

இலங்கையின் மலையகத்தில் இதே விஷயத்தை வேறொரு வடிவில் பார்க்கலாம். உலகச் சந்தைக்குப் போகும் தேயிலைப் பொட்டலங்களில் பலவகைச் சான்று முத்திரைகள் நெடுங்காலமாக இருக்கின்றன. கொழுந்து பறிக்கும் தமிழ்ப் பெண்களின் அடிப்படை நாட்கூலி 2019இல் 700 ரூபாய். அன்றைக்குச் சொன்ன கிலோ வராவிட்டால் அரைப்பேர், அதாவது பாதிக் கூலிதான். நாளுக்கு ஆயிரம் ரூபாய் என்ற கோரிக்கை தோட்டந்தோட்டமாக, கொழும்பு வீதிகள் வரை ஆண்டுக்கணக்கில் ஒலித்தது. 2021இல் சம்பள சபை வழியாக அரசு அதைச் சட்டமாக்கியது. தோட்டக் கம்பெனிகள் நீதிமன்றம் போயின. பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவை உயர்த்தி, கொடுத்ததைத் திரும்ப வாங்கப் பார்த்தார்கள். 2024இல் கூலி 1,350 ஆனது. இந்த உயர்வுகள் போதாது என்பது வேறு பேச்சு. ஆனால் கிடைத்தவை தொழிலாளர் வீதியில் இறங்கியதால் கிடைத்தன. பொட்டலத்தின் மேல் எந்தப் படம் இருந்தது என்பதற்கும் அதற்கும் பெரிய தொடர்பில்லை.

இனி ஆடைக்கு வருவோம். உலகின் மனசாட்சியை அதிகம் உலுக்கியது ஆடைத் தொழில்தான்.

வங்கதேசத் தலைநகர் டாக்காவை ஒட்டிய சாவர். ரானா பிளாசா என்ற எட்டு மாடிக் கட்டடம். மேல்மாடிகளில் ஐந்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள், கீழே வங்கியும் கடைகளும். 2013 ஏப்ரல் 23 அன்று தூண்களில் விரிசல் தெரிந்தது. வங்கி தன் ஊழியர்களை வரவேண்டாம் என்றது. கடைகள் மூடின. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை உள்ளே போகச் சொன்னார்கள். வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்ற மிரட்டல் இருந்தது. ஆர்டர் கப்பலேற வேண்டிய தேதி நெருங்கியிருந்தது. காலை ஒன்பது மணிக்குக் கட்டடம் இடிந்து விழுந்தது. 1,134 பேர் இறந்தார்கள். அங்கிருந்த சில தொழிற்சாலைகளும் இடிவதற்கு முந்தைய மாதங்களில் ஐரோப்பியத் தணிக்கை நிறுவனங்களின் சோதனைக்கு உள்ளானவைதான்.

தணிக்கை எப்படி நடக்கும் என்பது திருப்பூர் பனியன் கம்பெனிகளில் வேலை பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆடிட் வருகிறது என்று முன்கூட்டியே தெரியும். அன்றைக்கு வழிகளில் கிடந்த அட்டைப்பெட்டிகள் மறையும், முதலுதவிப் பெட்டி நிரம்பும், வருகைப் பதிவேடு வேறாகும். என்ன கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று சூப்பர்வைசர் சொல்லிக்கொடுப்பார். ஆடிட்டருக்குக் கட்டணம் கொடுப்பது பெரும்பாலும் தொழிற்சாலையே. தேர்வு எழுதுபவரே தேர்வாளருக்குச் சம்பளம் கொடுக்கும் ஏற்பாடு இது. இதில் உண்மை வெளிவந்தால்தான் அதிசயம்.

ரானா பிளாசாவுக்குப் பிறகு வித்தியாசமான ஒன்று நடந்தது. அடுத்த மாதமே, வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. பொதுவாக அதை அக்கார்டு என்பார்கள். ஒரு பக்கம் உலகத் தொழிற்சங்கங்களும் வங்கதேசச் சங்கங்களும். மறுபக்கம் ஆடை வாங்கும் கம்பெனிகள், போகப்போக 200க்கும் மேல். அதுவரை கம்பெனிகள் தாமே எழுதித் தாமே பாராட்டிக்கொண்ட நடத்தை விதிகளுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. இது சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தம். சோதனை முடிவுகள் எல்லாருக்கும் தெரியும்படி வெளியிடப்பட வேண்டும். பழுதைச் சரிசெய்யாத தொழிற்சாலையிடம் யாரும் ஆர்டர் கொடுக்கக்கூடாது. பழுதைச் சரிசெய்யப் பணம் கிடைக்க வாங்குபவர் வழிசெய்ய வேண்டும். மீறினால் வழக்கு.

வழக்கும் நடந்தது. இரண்டு பெரிய கம்பெனிகள் தம் பங்கைச் செய்யவில்லை என்று தொழிற்சங்கங்கள் 2016இல் ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றத்துக்குப் போயின. அவற்றில் ஒன்று 2018 தொடக்கத்தில் 23 லட்சம் டாலர் கட்டிச் சமரசம் செய்துகொண்டது. தையல்காரர்களின் சங்கம் ஒரு பன்னாட்டுக் கம்பெனியை நடுவர் மன்றம்வரை இழுத்துச் சென்று பணம் கட்டவைத்தது, இந்தத் தொழிலின் வரலாற்றில் சின்ன விஷயமில்லை.

பலன் கண்ணுக்குத் தெரிந்தது. ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட தொழிற்சாலைகளில் பூட்டக்கூடிய கதவுகள் போய்த் தீத்தடுப்புக் கதவுகள் வந்தன, தூண்கள் வலுப்படுத்தப்பட்டன. ஆனால் இந்த உடன்படிக்கையின் எல்லைக்குள் வராத தொழிலாளிக்கு அதே நாட்டில் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2021 ஜூலையில் ரூப்கஞ்சில் ஹாஷெம் ஃபுட்ஸ் என்ற பழச்சாறு, உணவுப்பொருள் ஆலையில் தீப்பிடித்தது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் சிறுவர்களும் உண்டு. மாடியிலிருந்து வெளியேறும் வழி பூட்டியிருந்தது. வெளிநாட்டுச் சட்டைக்கு வந்த பாதுகாப்பு உள்ளூர்ப் பழச்சாற்றுக்கு வரவில்லை.

வங்கதேசத்தில் கட்டடத்தைக் காத்த அதே கருத்து, திண்டுக்கல்லில் பெண்களைக் காக்கும் முயற்சியாக மாறியது. அது தமிழ்நாட்டில் இன்னும் பரவலாக அறியப்படாமல் இருப்பது வருத்தத்துக்குரியது.

திண்டுக்கல், ஈரோடு, கோவை மாவட்டங்களின் நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் நடந்தது தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்று கிராமத்துப் பெற்றோரிடம் சொல்லிப் பெண்களை அழைத்துப்போனார்கள். பலருக்கு அந்தத் தொகை முழுதாகக் கிடைக்கவில்லை. 2011இல் டச்சு அமைப்புகள் இதைப் பற்றி விரிவான அறிக்கை வெளியிட்டபோது ஐரோப்பியக் கடைகள் பதறின, வாக்குறுதிகள் கொடுத்தன, ஆடிட்களை அதிகமாக்கின.

பத்தாண்டுக்குப் பிறகும் நிலைமை எப்படி இருந்தது என்பதை 2021 ஜனவரியில் நடந்த கொலை காட்டியது. திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல் என்ற தொழிற்சாலையில் தையல் வேலை பார்த்த இருபது வயதை ஒட்டிய தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். பல மாதங்களாக அந்தப் பெண் தொல்லைக்கு ஆளாகியிருந்தார் என்று குடும்பத்தினரும் உடன் வேலை பார்த்தவர்களும் சொன்னார்கள். எச்&எம் உள்ளிட்ட பெரிய பிராண்டுகளுக்குத் தைக்கும் தொழிற்சாலை அது. பெண்களின் கண்ணியம் குறித்த அந்த பிராண்டுகளின் விதிகள் எல்லாம் காகிதத்தில் அங்கேயும் இருந்தன. புகார் சொன்னால் வேலை போகும் என்ற பயத்தைப் போக்க எந்த விதியும் உதவவில்லை.

அந்தப் பெண் உறுப்பினராக இருந்த தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், பெண்கள் தலைமையில் நடக்கும் சங்கம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்கள் இரங்கல் தீர்மானத்தோடு நிற்கவில்லை. ஆசியா ஃப்ளோர் வேஜ் அலையன்ஸ் போன்ற கூட்டமைப்புகளோடு சேர்ந்து பிராண்டுகளின் கதவைத் தட்டினார்கள். 2022 ஏப்ரலில் தொழிற்சாலையின் உரிமை நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸும் எச்&எம்மும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. பிறகு அமெரிக்காவின் கேப், பிவிஎச் நிறுவனங்களும் சேர்ந்தன. ஆடைத் தொழிலில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்க ஆசியாவில் பிராண்டுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்திய முதல் உடன்பாடு, திண்டுக்கல் ஒப்பந்தம் என்ற பெயரோடு உலகத்துக்கு அறிமுகமானது. 5,000க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அதன்கீழ் வந்தார்கள்.

அதன் உள்ளடக்கம் எளிமையானது. தையல் லைனில் ஏறக்குறைய 25 பேருக்கு ஒருவர் என்று தொழிலாளர்களிலிருந்தே கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்தெடுக்கும். அவர்களுக்குப் பயிற்சி உண்டு. புகார் சொன்னவரைப் பழிவாங்கக்கூடாது. சாதி, வெளிமாநிலத்தவர் என்ற வேற்றுமை காட்டக்கூடாது. கம்பெனிக்கு வெளியே இருந்து சுதந்திரமான ஆட்கள் புகாரை விசாரிப்பார்கள். தொழிற்சாலை மீறினால் பிராண்டுகள் ஆர்டரில் கைவைக்கும். சங்கமும் அதன் கூட்டாளிகளும் வெளியிட்ட முதலாண்டு அறிக்கையின்படி 185 புகார்கள் வந்தன, அவற்றில் 182 தீர்க்கப்பட்டன. ஆண்டுக்கு 185 புகார் வருவது கெட்ட செய்தியாகத் தோன்றலாம். புகாரே வராத தொழிற்சாலைதான் பயப்பட வேண்டிய தொழிற்சாலை.

இதே தொழிற்சாலையில் இன்னொரு பாடமும் உண்டு. 2022 ஜூலையில் அமெரிக்கச் சுங்கத்துறை, கட்டாய உழைப்பு நடப்பதாகச் சொல்லி நாச்சி அப்பேரலின் ஆடைகளைத் தடுத்துவைக்க உத்தரவிட்டது. உத்தரவு நீடித்திருந்தால் ஆர்டர் நின்று, எந்தப் பெண்களைக் காக்க வேண்டுமோ அவர்களே வேலையிழந்து வீடு திரும்பியிருப்பார்கள். ஒப்பந்தத்தின்கீழ் நிலைமை மாறிவிட்டது என்பதைக் காட்ட முடிந்ததால் செப்டம்பரிலேயே தடை விலகியது.

வாங்கமாட்டேன் என்று ஒதுங்குவதில் இருக்கும் ஆபத்து புதிதல்ல. 1990களின் தொடக்கத்தில், குழந்தைத் தொழிலாளர் செய்த பொருளை இறக்குமதி செய்யத் தடை கோரும் மசோதாவை அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின் கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனால் அந்தப் பேச்சைக் கேட்டதுமே வங்கதேச முதலாளிகள் சுமார் 50,000 குழந்தைகளை வெளியே அனுப்பினார்கள் என்பது யுனிசெஃப் 1997 அறிக்கையில் குறிப்பிட்ட கணக்கு. பள்ளியும் இல்லை, வீட்டில் வருமானமும் இல்லை. பலர் கல் உடைக்கப் போனார்கள், சிலர் அதைவிட மோசமான இடங்களுக்குப் போனார்கள். 1995இல் முதலாளிகள் சங்கமும் யுனிசெஃபும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் பள்ளிக்கூடத்துக்கும் உதவித்தொகைக்கும் உடன்பாடு செய்த பிறகே நிலைமை கொஞ்சம் தேறியது. நல்லெண்ணம் மட்டும் போதாது, அது யாரிடம் போய்ச் சேர்கிறது என்பதும் முக்கியம்.

தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடுத்தால் துணி விலை எகிறிவிடும் என்று பயமுறுத்துபவர்கள் உண்டு. ஐரோப்பாவின் கிளீன் குளோத்ஸ் கேம்பெயின் பரப்பிய ஒரு கணக்கு, 29 யூரோ டி-ஷர்ட் ஒன்றில் தைத்தவருக்குப் போவது 18 சென்ட் என்கிறது. அந்தக் கூலியை இரண்டு மடங்காக்கினாலும் சட்டையின் விலை ஒரு யூரோகூட ஏறாது. தடுப்பது கணக்கல்ல, பேரம் பேசும் பலம் யாரிடம் இருக்கிறது என்பதுதான். 2023இல் வங்கதேசத் தையல் தொழிலாளர்கள் மாதம் 23,000 டாக்கா கேட்டுத் தெருவுக்கு வந்தார்கள். அரசு தந்தது 12,500. போராட்டத்தில் நால்வர் உயிரிழந்தனர்.

வாங்குபவரின் குரலுக்குப் பலமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2020இல் கொரோனா வந்ததும் பெரிய பிராண்டுகள் தைத்து முடித்த ஆர்டர்களையே ரத்து செய்தன. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கும் மேல் என்று அந்நாட்டு ஏற்றுமதியாளர் சங்கம் சொன்னது. பணத்தைக் கொடு என்ற ஒற்றைக் கோரிக்கையோடு, பெயர் சொல்லி, தொகை சொல்லி உலகெங்கும் வாடிக்கையாளர்கள் கேட்டபோது பல கம்பெனிகள் வழிக்கு வந்தன. நல்ல சட்டையைத் தேடி அலைந்த தனி மனிதர்களால் முடியாதது, ஒரே கேள்வியை ஆயிரக்கணக்கானோர் கேட்டதால் முடிந்தது.

தமிழ்நாட்டு வாசகர் தையல் மெஷின் பக்கமும் இருக்கிறார், கடைக் கவுன்ட்டர் பக்கமும் இருக்கிறார். தீபாவளிக்கு வாங்கும் துணியைத் தைத்தது பக்கத்து மாவட்டத்துப் பெண்ணாக இருக்கலாம். திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மூன்று பிராண்டுகளும் வெளிநாட்டவை. வெளிநாட்டுக்குப் போகும் சட்டையைத் தைப்பவருக்குக் கிடைக்கும் பாதுகாப்பு, உள்ளூரில் விற்கும் சட்டையைத் தைப்பவருக்கு ஏன் கூடாது? இந்தியாவில் பங்குச்சந்தையில் உள்ள முதல் ஆயிரம் கம்பெனிகள் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியின் உத்தரவுப்படி 2022-23 நிதியாண்டிலிருந்து பொறுப்பு அறிக்கை வெளியிட வேண்டும். தொழிலாளர்களில் எத்தனை சதவீதம் பேர் சங்கத்தில் இருக்கிறார்கள், குறைந்தபட்சக் கூலிக்கு மேல் எத்தனை பேர் பெறுகிறார்கள் என்பது அதில் இருக்கும். அந்தக் கம்பெனிகளின் துணியை வாங்குபவர் எவரும் அதை எடுத்துப் படிக்கலாம், கம்பெனிக்கு எழுதிக் கேட்கலாம். அந்த எண்கள் பெரும்பாலும் கம்பெனியின் சொந்த ஊழியர்களைப் பற்றியவை. ஜாப் ஒர்க் எடுத்துத் தைக்கும் சின்னப் பட்டறைகள் அதில் தெரியாது. ஆகவே கேட்க வேண்டிய அடுத்த கேள்வி அந்தப் பட்டறைகளின் பெயர்ப் பட்டியல்.

கடைக்குள்ளேயும் பார்க்கலாம். ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றபடி வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு 2021இல் சட்டம் திருத்தியது. புடவை பார்க்கப் போகிறவர் அந்த இருக்கை அங்கே இருக்கிறதா என்று கேட்பதற்குச் சான்றிதழ் எதுவும் தேவையில்லை.

தனிமனிதரைவிடப் பெரிய வாடிக்கையாளர் ஒருவர் இருக்கிறார், அது அரசு. பொங்கலுக்கு இலவச வேட்டி சேலைத் திட்டத்தில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட சேலைகளைத் தமிழ்நாடு அரசு நெய்ய வைக்கிறது. பள்ளிச் சீருடை, காவலர் சீருடை, அரசு மருத்துவமனைப் படுக்கை விரிப்பு எல்லாம் இதற்கு மேல். இவற்றுக்கெல்லாம் நூல் ஆலைகளிலிருந்துதான் வருகிறது. நூல் எங்கிருந்து வாங்கப்படுகிறது என்பதை வெளியிடுவதும், அந்த ஆலையில் பெண்கள் சங்கம் சேரத் தடையில்லை, தொழிலாளரே தேர்ந்த கண்காணிப்பாளர்கள் உண்டு என்பதை டெண்டரில் நிபந்தனையாக எழுதுவதும் அரசால் முடிகிற காரியம். அதற்கான மாதிரி வெளிநாட்டில் தேட வேண்டியதில்லை, திண்டுக்கல்லில் கையெழுத்தாகியிருக்கிறது. அடுத்த கொள்முதல் அறிவிப்பில் அந்த நிபந்தனையைச் சேர்க்கும்படி சட்டமன்ற உறுப்பினர்களும் தொழிற்சங்கங்களும் நுகர்வோர் அமைப்புகளும் இப்போதே அரசிடம் கேட்க வேண்டும்.